சுனாமி பாடம்: "கடல் உள்வாங்கினால் ஓடு" என்பது மட்டும் போதுமா?

நாகை டீச்சர் | 4 நவம்பர் 2024, இரவு 8.10

நாளை உலக சுனாமி விழிப்புணர்வு நாள். ஆறு முதல் எட்டு வரையுள்ள பிள்ளைகளுக்கு ஒரு மணி நேர வகுப்பு என் பொறுப்பு. எங்களிடம் உள்ள சார்ட்டில் மூன்றே வரி: நிலம் அதிரும், கடல் உள்வாங்கும், பிறகு பெரிய அலை வரும். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "எங்க அப்பாயி அப்படிச் சொல்லலையே டீச்சர், கடல் உள்ள போகவே இல்ல, நேரா ஏறி வந்துச்சுன்னுதான் சொல்லுது" என்கிறாள். சார்ட் சரியா, அப்பாயி சரியா? பள்ளி கடலிலிருந்து 700 மீட்டரில் இருக்கிறது. தரைத்தளம் மட்டும்தான். மேற்கே உப்பனாறு, அதைக் கடக்க ஒரே பாலம்.

ஓதம் | 4 நவம்பர், இரவு 9.25

நம் கரையைப் பொறுத்தவரை அப்பாயி சொன்னதுதான் சரி, டீச்சர். சார்ட்டைக் கிழிக்க வேண்டாம். ஆனால் அந்த இரண்டாவது வரியை அப்படியே விடக்கூடாது.

2004 டிசம்பர் 26 காலை 6.29க்கு சுமத்ராவின் மேற்குக் கரையை ஒட்டி 9.1 அளவில் நிலநடுக்கம். பிளவு அங்கேயே நிற்கவில்லை. நிக்கோபார், அந்தமான் என்று வடக்கே 1,200 கிலோமீட்டருக்கு மேல் கிழிந்துகொண்டே போனது. இந்தியத் தட்டு (பூமியின் மேலோட்டுப் பாறைத் துண்டுகளில் ஒன்று) கிழக்குப் பக்கத் தட்டுக்கு அடியில் செருகிக்கொண்டிருந்த இடம் அது. மேலே இருந்த தட்டின் விளிம்பு நெடுங்காலமாகக் கீழ்நோக்கி இழுபட்டு வளைந்திருந்தது, அன்று விடுபட்டு எம்பியது. எம்பிய பகுதி மேற்கே, நம் பக்கம். அதற்குப் பின்னால் கிழக்கே இருந்த பகுதி தாழ்ந்தது. கடலடி எம்பிய இடத்தில் நீர்மேடு, தாழ்ந்த இடத்தில் நீர்ப்பள்ளம். மேடு மேற்கே கிளம்பி முதலில் இலங்கைக்கும் நமக்கும் வந்தது. பள்ளம் கிழக்கே போனது. தாய்லாந்தின் புக்கெட், காவோ லாக் கடற்கரைகளில் முதலில் கடல் வடிந்ததும், அங்கிருந்து வந்த படங்களில் வெறும் சேறும் துள்ளும் மீனும் தெரிந்ததும் அதனால்தான்.

நம் சார்ட்டுகள் பெரும்பாலும் தாய்லாந்துப் படத்தையும் பசிபிக் பாடத்தையும் வைத்து எழுதியவை. சுமத்ரா, அந்தமான் பிளவிலிருந்து நாளைக்கே ஒன்று கிளம்பினாலும் தமிழ்நாட்டுக் கரைக்கு முதலில் வருவது பெரும்பாலும் ஏற்றமாகத்தான் இருக்கும். உள்வாங்குவதற்காகக் காத்திருக்கும் பிள்ளைக்கு அந்த அடையாளம் வராமலேயே போகலாம். பயம் அதுதான்.

ஓதம் | 4 நவம்பர், இரவு 9.50

ஒன்று சேர்க்க வேண்டும். முதல் ஏற்றம் வந்து திரும்பும்போது நம் கரையிலும் கடல் நன்றாக உள்வாங்கும். "உள்ளே போச்சு, நானே பார்த்தேன்" என்று சொல்பவர்களில் பலர் பார்த்தது அந்த இடைவெளியை. தண்ணீர் வடிந்ததும் சாமான் எடுக்கவும் ஆளைத் தேடவும் திரும்பிப் போனவர்களை அடுத்த அலை பிடித்தது. இலங்கையின் பெரேலியவில் முதல் அலையில் ரயில் நின்றுவிட்டது. பாதுகாப்பு என்று நம்பி ஊர்க்காரர்கள் பெட்டிகளில் ஏறிக்கொண்டார்கள். அதைவிடப் பெரிய இரண்டாவது அலை ரயிலையே புரட்டிப்போட்டது.

ஆகவே சார்ட்டில் இப்படி எழுதுங்கள்: "கடல் வழக்கமில்லாமல் ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி, கிளம்பு. முதல் அலை போனால் முடிந்தது என்று நினைக்காதே."

இயற்பியல் சார் | 5 நவம்பர், காலை 6.40

வேகத்தையும் தொட்டுவிடுங்கள். "ஜெட் விமான வேகம், மணிக்கு 800 கி.மீ." என்று புத்தகத்தில் இருக்கிறது. அந்த வேகத்தில் வரும் அலையிலிருந்து ஓடி என்ன பயன் என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

ஓதம் | 5 நவம்பர், காலை 7.30

நல்ல கேள்வி சார். 800 என்பது 5,000 மீட்டர் ஆழத்துக்குப் பொருந்தும். நமக்கும் நிக்கோபாருக்கும் நடுவே அவ்வளவு ஆழம் இல்லை. எட்டாம் வகுப்புக்கு வர்க்கமூலம் தெரியும் என்பதால் சூத்திரத்தையே கொடுத்துவிடலாம்:

வேகம் (மீட்டர்/நொடி) = √(9.8 × ஆழம்)

ஆழம் 4,000 மீட்டர் என்றால் நொடிக்கு 198 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 713 கி.மீ. ஆழம் 100 மீட்டர் ஆனால் 113 கி.மீ. 10 மீட்டரில் 36 கி.மீ. கரையில் ஒரு மீட்டர் தண்ணீரில் 11 கி.மீ. இந்தக் கடைசி எண் கரையேறிய நீருக்குத் தோராயமானதுதான். சரிவிலும் சந்துகளிலும் அது வேகமாகப் பாயும். தண்ணீரைக் கண்ணால் பார்த்த பிறகு ஒரு பிள்ளை அதை முந்துவது கடினம். பார்ப்பதற்கு முன்பே கிளம்பினால் முந்தத் தேவையே இல்லை. பிள்ளைகள் கேள்விக்கு இதுதான் பதில்.

நம் ஊர்க் கணக்கையும் போடச் சொல்லுங்கள். நிக்கோபார் பக்கப் பிளவிலிருந்து நாகைக்குச் சுமார் 1,350 கி.மீ. சராசரி ஆழம் 3,300 மீட்டர் என்று வையுங்கள். நொடிக்கு 180 மீட்டர், மணிக்கு 647 கி.மீ. இரண்டு மணி ஐந்து நிமிடம் வரும். பிளவு வடக்கே எட்டச் சில நிமிடம். கரையோரத்தில் 50 மீட்டர் ஆழமுள்ள கடைசி 30 கி.மீ.க்கு இருபது நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். 6.29ஓடு கூட்டினால் 9 மணியை ஒட்டி வருகிறது. அன்று நாகையில் தண்ணீர் ஏறியதும் அந்த நேரத்தில்தான். பிள்ளைகள் தாங்களே கூட்டிப் பார்த்து அந்த நேரத்துக்கு வந்து சேர்ந்தால் மறக்க மாட்டார்கள்.

நாகை டீச்சர் | 5 நவம்பர், மாலை 5.15

கணக்கு நன்றாகப் போயிற்று. ஆனால் ஆறாம் வகுப்புக்கு வர்க்கமூலம் எட்டவில்லை. கையால் செய்து காட்டும்படி ஏதாவது இருக்கிறதா?

ஓதம் | 5 நவம்பர், இரவு 9.05

இருக்கிறது. காசும் ஆகாது.

மீன் மார்க்கெட்டில் போட்டுவிட்டுப் போகும் தெர்மாகோல் பெட்டி ஒன்று, உள்நீளம் 60 செ.மீ. அளவில் எடுங்கள். சுவர் நேராக நிற்க வேண்டும், வட்டத் தாம்பாளம் உதவாது. ஓட்டை இருந்தால் உள்ளே பாலித்தீன் விரியுங்கள். சுருக்கம் இல்லாமல் ஒட்டியிருக்க வேண்டும், சுருக்கம் அலையைக் கொன்றுவிடும். தண்ணீரில் சொட்டு நீலம் இரண்டு சொட்டு விட்டால் மேடு தெளிவாகத் தெரியும்.

முதலில் 1 செ.மீ. ஆழம். பெட்டியின் ஒரு முனையை விரல் கனம் தூக்கி, தண்ணீர் அடங்கியதும் மெதுவாகக் கீழே வையுங்கள். மேடு ஒன்று எதிர்ச்சுவருக்குப் போய்த் திரும்பும். மூன்று முறை போய்வர எத்தனை நொடி என்று செல்போன் ஸ்டாப்வாட்சில் பாருங்கள். பதினொன்றரை நொடி அளவில் வரும். அடுத்து 4 செ.மீ. ஆழத்தில் அதையே செய்யுங்கள். ஆறு நொடிக்குச் சற்றுக் குறைவாக வரும். ஆழம் நான்கு மடங்கு, நேரம் பாதி. வர்க்கமூலம் என்ற சொல்லே இல்லாமல் வர்க்கமூலத்தைக் காட்டியாயிற்று.

கெடுவது எங்கே: அதிகம் தூக்கினால் நீர் சுவரில் மோதித் தெறித்து இரண்டு மூன்று அலையாக உடையும். மேசை சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் ஆழம் கூடும், ஆகவே நான்கு மூலையிலும் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். 1 செ.மீ. ஆழத்தில் மூன்று சுற்றுக்கு மேல் அலை மங்கிவிடும், ஐந்து சுற்று எண்ண முயலாதீர்கள். ஒரே பிள்ளை நேரம் பார்த்தால் அரை நொடி பிசகும். மூவர் பார்த்து நடு எண்ணை எடுக்கட்டும்.

இரண்டாவது சோதனைதான் உங்கள் முதல் கேள்விக்கானது. பெட்டியின் அடியில் ஒரு முனையில் அட்டைகனப் பிளாஸ்டிக் பலகை ஒன்றை நூல் கட்டிப் படுக்கவிடுங்கள். 4 செ.மீ. நீரில் நூலை வெடுக்கென்று ஒரு செ.மீ. இழுத்தால் முதலில் மேடு கிளம்பும். பலகையைக் கீழே சோடாமூடி வைத்து முன்பே உயர்த்தி, மூடியை உருவித் தாழவிட்டால் முதலில் பள்ளம் கிளம்பும். எதிர்முனையில் மணலைச் சரிவாகக் குவித்து அதில் தீக்குச்சி நட்டு வைத்தால், எந்த முறை குச்சியடி முதலில் நனைந்தது, எந்த முறை முதலில் காய்ந்தது என்று பிள்ளைகளே சொல்வார்கள். கையால் தண்ணீரைத் தள்ளிக் காட்ட வேண்டாம், அதில் மேற்பரப்பு மட்டும்தான் ஆடும். சுனாமியில் தரையிலிருந்து மேல்வரை மொத்த நீரும் நகர்கிறது.

இயற்பியல் சார் | 6 நவம்பர், காலை 6.20

பள்ளம் கிளப்பும் முறையில் மூடியை உருவும் கையே ஒரு அலையைக் கிளப்பிவிடுகிறது. மூடியிலும் நூல் கட்டிப் பக்கவாட்டில் இழுத்தால் சரியாக வருகிறது.

ஓதம் | 6 நவம்பர், காலை 7.00

நன்றி சார், அப்படியே செய்யட்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுவரோவியங்களில் சுனாமியைச் சுருண்டு கவியும் ஒற்றை அலையாக வரைகிறார்கள். அந்தப் படத்தை நம்பும் பிள்ளை சுருளைத் தேடிக்கொண்டு நிற்கும். 2004இல் கடல்மட்டத்தை அளக்கும் ஜேசன் செயற்கைக்கோள் நடுக்கடலில் அளந்த உயரம் சுமார் 60 செ.மீ. மட்டுமே. ஆனால் ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். 40 நிமிடத்துக்கு ஒரு மேடு என்று வைத்துக்கொண்டால், 647 கி.மீ. வேகத்தில் இடைவெளி 430 கி.மீ.க்கு மேல். படகில் இருப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. கரையை நெருங்க முன்பகுதி மெதுவாகிறது, பின்பகுதி வந்து அதன்மேல் குவிகிறது, உயரம் கூடுகிறது. 10 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது இடைவெளி 24 கி.மீ. ஆகியிருக்கும். 24 கி.மீ. நீளத் தண்ணீரில் பாதி மேடு. அதனால்தான் சாதாரண அலைபோல வந்து உடைந்து திரும்பாமல், பத்துப் பதினைந்து நிமிடம் நிற்காமல் ஏறிக்கொண்டே வருகிறது. 2004இல் தமிழ்நாட்டுக் கரையில் நீர் ஏறிய உயரம் பெரும்பாலும் 2.5 முதல் 5 மீட்டர். பனைமர உயரம் என்று பயமுறுத்தத் தேவையில்லை. ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. முழங்கால் அளவே ஓடினாலும் பிள்ளையைச் சாய்த்துவிடும், அதோடு மரக்கட்டையும் படகும் தகரமும் சேர்ந்து வரும்.

வங்கக்கரை | 16 நவம்பர், காலை 8.45

பௌர்ணமி வந்தாலே "திருச்செந்தூரில் கடல் உள்வாங்கியது, சுனாமி அறிகுறியா?" என்று வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. பிள்ளைகள் பாதிப்பேர் பயப்படுகிறார்கள், மீதிப்பேர் சிப்பி பொறுக்கப் போகிறார்கள். இதற்கு என்ன சொல்வது?

ஓதம் | 16 நவம்பர், காலை 10.30

கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அமாவாசை, பௌர்ணமியில் வத்தம் (கடல் இறங்குவது) அதிகம், ஏத்தமும் (கடல் ஏறுவது) அதிகம். ஆனால் ஏத்தத்திலிருந்து வத்தத்துக்கு ஆறு மணி நேரம் ஆகும். சுனாமி அதையே பத்து, இருபது நிமிடத்தில் செய்யும். கரையில் குச்சி நட்டுப் பதினைந்து நாள் ஏத்த வத்தத்தைக் குறித்த பிள்ளைக்கு எது வழக்கம், எது வழக்கமில்லை என்று தானே தெரியும். அந்தக் குறிப்பேடு நூறு சார்ட்டுக்குச் சமம்.

2004 டிசம்பர் 26 பௌர்ணமி நாள்தான். அதை வைத்து "நிலவுதான் சுனாமியைக் கொண்டுவந்தது" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நிலவு தருவது ஓதத்தை, அதாவது இந்த ஏத்த வத்தத்தை. அந்தச் சுனாமிக்குக் காரணம் கடலடித் தரை எம்பியதுதான்.

குமரிப் பக்கம் கள்ளக்கடல் என்பது வேறு. தெற்கே தொலைதூரப் புயலில் பிறந்த நீண்ட அலைகள், உள்ளூரில் காற்றே இல்லாத நாளில் திடீரென்று கரையேறும். அதற்குத் தனி எச்சரிக்கை வரும். அன்று கடற்கரைக்குப் போகாமல் இருந்தால் போதும், ஊரைக் காலி செய்ய வேண்டியதில்லை.

நாகை டீச்சர் | 18 நவம்பர், இரவு 7.40

எச்சரிக்கை வந்தால் எந்த நிறம் என்றால் என்ன செய்வது? தலைமையாசிரியர் கேட்கிறார்.

ஓதம் | 18 நவம்பர், இரவு 9.15

ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (இந்திய தேசியக் கடல் தகவல் சேவை) மையம் 2007 அக்டோபரிலிருந்து இந்த எச்சரிக்கையைத் தருகிறது. நிலநடுக்கம் நடந்து பத்து நிமிட அளவில் முதல் அறிக்கை வரும். மூன்று படி: சிவப்பு என்றால் கரையை விட்டு வெளியேற வேண்டும். ஆரஞ்சு என்றால் கடற்கரைக்கும் தாழ்வான இடத்துக்கும் போகக்கூடாது. மஞ்சள் என்றால் அடுத்த அறிக்கையைக் கவனிக்க வேண்டும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று: அலை ஒரு மணி நேரத்துக்குள் எட்டிவிடும் அந்தமான் போன்ற இடங்களுக்கு நிலநடுக்கத்தை வைத்தே சிவப்பு கொடுத்துவிடுவார்கள். நமக்கு நேரம் இருப்பதால் கடலடி அழுத்தமானியும் துறைமுக நீர்மட்டமானியும் அலையை உறுதி செய்த பிறகே படி ஏறும். ஆகவே முதலில் ஆரஞ்சு வந்தது என்று நிம்மதி அடையாமல், அந்த நேரத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தித் தயாராக வையுங்கள். சிவப்பானால் அந்தக் கணமே நடக்கலாம்.

2012 ஏப்ரல் 11 மதியம் 8.6 அளவு நிலநடுக்கம். சென்னையில் கட்டடம் ஆடி, ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். பெரிய சுனாமி வரவில்லை, ஏனென்றால் அது பக்கவாட்டில் நழுவிய பிளவு, தரை எம்பவில்லை. இதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். "போன தடவை ஓடினோம், ஒன்றும் வரவில்லை" என்ற சலிப்பு அடுத்த தடவைக்கு எமன்.

தொலைபேசி: மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டம் 1077. எண்களைத் தலைமையாசிரியர் அறையில் மட்டும் ஒட்டாமல் சத்துணவுக் கூடத்திலும் ஒட்டுங்கள். மதியம் பெரியவர்கள் அங்கேதான் இருப்பார்கள்.

ஓதம் | 20 நவம்பர், இரவு 10.20

உங்கள் பள்ளியின் வழியைப் பற்றி யோசித்தேன். 700 மீட்டர், தரைத்தளம், பின்னால் உப்பனாறு, ஒரே பாலம். இது எளிதான இடம் இல்லை.

சுனாமி கடல் பக்கமிருந்து மட்டும் வராது. முகத்துவாரம் வழியாக ஆற்றுக்குள் புகுந்து உப்பனாற்றையும் நிரப்பும், அதாவது உங்களுக்குப் பின்னாலும் தண்ணீர் வரும். பாலத்தின் மேல் பிள்ளைகள் நிற்கும்போது அது நடக்கக்கூடாது. ஆகவே இரண்டு திட்டம் வேண்டும்.

திட்டம் ஒன்று: நேரம் இருந்தால் பாலத்தைக் கடந்து மேற்கே. ஒன்றாம் வகுப்பையும் சேர்த்து வரிசையாக நடத்திப் பாருங்கள். 100 மீட்டருக்கு இரண்டு நிமிடம் என்று வந்தால் 2 கி.மீ.க்கு 40 நிமிடம். அலை வருவதாகச் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்பாகக் கடைசிப் பிள்ளை பாலத்தைத் தாண்டியிருக்க வேண்டும். பாலத்தைக் கடக்கக் கடைசி நேரம் ஒன்றை முன்பே முடிவு செய்து, அதற்குப் பிறகு யாரையும் பாலத்துக்கு அனுப்பாதீர்கள்.

திட்டம் இரண்டு: அந்த நேரம் தாண்டிவிட்டால் அருகிலுள்ள உறுதியான கான்கிரீட் கட்டடத்தின் இரண்டாம் மாடி அல்லது மொட்டைமாடி. பல்நோக்கு புயல் பாதுகாப்பு மையம் இருந்தால் அதுவே முதல் தேர்வு. ஓட்டு வீடு, தண்ணீர்த் தொட்டி ஏணி, தனிச்சுவர் எதுவும் ஆகாது.

தரைமட்டத்தைச் செல்போன் ஜிபிஎஸ்ஸில் பார்க்காதீர்கள், உயரத்தில் பத்து மீட்டர் கூடத் தப்பும். பொதுப்பணித்துறை நில அளவைக் குறியிலிருந்து அளந்து சொல்லக் கேளுங்கள்.

எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஜோடி. ஆண்டு முழுக்க அதே ஜோடி. பை எடுக்கக்கூடாது, செருப்பு போட்டிருக்க வேண்டும் (உடைந்த கண்ணாடி). கடைசியில் வரும் ஆசிரியர் கையில் வருகைப் பதிவேடு, விசில், தண்ணீர். சக்கர நாற்காலிப் பிள்ளை இருந்தால் தூக்க இருவர், மாற்றுக்கு இருவர் என்று பெயர் எழுதி வையுங்கள். மணி அடித்தால் மதியம் என்று நினைத்துத் தட்டை எடுப்பார்கள், ஆகவே இதற்கு மட்டும் விட்டு விட்டு நீண்ட விசில்.

நாகை டீச்சர் | 21 நவம்பர், மாலை 6.00

பெற்றோர் வந்து பிள்ளையைக் கேட்டால் கொடுப்பதா, வேண்டாமா? நாங்கள் அதிகம் சண்டை போட்டது இதில்தான்.

ஓதம் | 21 நவம்பர், இரவு 8.50

கொடுக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. மேற்கே போகும் வரிசைக்கு எதிராகக் கடலை நோக்கி வரும் ஒவ்வொரு டூவீலரும் பாலத்தை அடைக்கும். ஜூன் மாதப் பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்: "பிள்ளை இந்த இடத்தில் இருக்கும், நேரே அங்கே வாருங்கள், பள்ளிக்கு வராதீர்கள்."

ஜப்பானின் சன்ரிக்கு கரையில் "தெந்தென்கோ" என்பார்கள், அவரவர் அவரவர் காலில் ஓடுவது. தாய் பிள்ளையைத் தேடி, பிள்ளை தாயைத் தேடி இருவரும் போகாதிருக்க, "அவள் ஏற்கெனவே மேட்டுக்குப் போயிருப்பாள்" என்ற நம்பிக்கையை முன்பே பேசி வைப்பதுதான் அது. 2011 மார்ச் 11இல் காமாயிஷி நகரில் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளைக் கையைப் பிடித்து ஓடினார்கள். குறித்து வைத்த இடத்துக்குப் போனபின் அருகே மலைச்சரிவு பெயர்வதைப் பார்த்து, இது போதாது என்று இன்னும் மேலே போனார்கள். முதலில் நின்ற இடத்தைத் தண்ணீர் எடுத்துக்கொண்டது. அதே நாள் இஷினோமாக்கியின் ஒகாவா தொடக்கப்பள்ளியில் பின்னாலேயே மலை இருந்தும் முடிவெடுக்க முடியாமல் சுமார் ஐம்பது நிமிடம் மைதானத்தில் நின்றார்கள். 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் இறந்தார்கள்.

யார் முடிவெடுப்பது என்று பெயரோடு எழுதுங்கள். தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போயிருந்தால் அடுத்து யார், அவரும் இல்லை என்றால் யார். மூன்று பெயர்.

வங்கக்கரை | 23 நவம்பர், காலை 9.10

படகுக்காரர் வீட்டுப் பிள்ளைகள் "அப்பா கடலில் இருந்தால்?" என்று கேட்பார்கள்.

ஓதம் | 23 நவம்பர், மதியம் 1.30

ஆழத்தில் இருப்பவர் அங்கேயே இருக்கட்டும். 100 மீட்டருக்கு மேல் ஆழத்தில், அதாவது சுமார் 55 பாகத்துக்கு (மீனவர் ஆழக் கணக்கு) வெளியே இருந்தால் ஆபத்து குறைவு. கரைக்குத் திரும்புவதுதான் ஆபத்து. துறைமுக வாயில் சுழல் மணிக்கணக்கில் அடங்காது. கரையில் கட்டியிருக்கும் பைபர் படகைக் காப்பாற்ற ஓட்டிப் போகலாமா என்றால், 55 பாகம் போய்ச்சேர இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். நேரம் உறுதியாக இல்லாதவர் படகை விட்டுவிட்டு நடக்க வேண்டும். பிள்ளைகள் அப்பாவிடம் இதை முன்பே பேசட்டும்.

இயற்பியல் சார் | 24 நவம்பர், இரவு 7.00

மேற்குக் கரைப் பிள்ளைகளுக்கும் ஒரு வரி வேண்டும். "இலங்கை மறைக்கிறது, நமக்கு வராது" என்று குமரியில் சொல்கிறார்கள்.

ஓதம் | 24 நவம்பர், இரவு 8.10

மறைக்கவில்லை. குளச்சலும் கேரளத்தின் ஆலப்பாடும் 2004இல் பட்ட அடியே சாட்சி. ஆழம் குறைந்த பக்கம் அலை மெதுவாவதால் அலைமுகம் கரையை நோக்கித் திரும்பும், இலங்கையின் தென்முனையைச் சுற்றி வளைந்து கொழும்புப் பக்கமும் போகும். தெர்மாகோல் பெட்டியின் நடுவே செங்கல் ஒன்றை வைத்துப் பாருங்கள். செங்கலுக்குப் பின்னாலும் தீக்குச்சி நனையும்.

ஓதம் | 27 நவம்பர், இரவு 9.40

பள்ளி ஒத்திகை பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. அன்று பிள்ளைகள் பள்ளியில் இல்லை, வீட்டிலும் கடற்கரையிலும் இருந்தார்கள். எந்த ஆசிரியரும் விசில் ஊதியிருக்க முடியாது.

ஆகவே வீட்டிலிருந்து போகும் வழியையும் ஒவ்வொரு பிள்ளையும் வரைய வேண்டும். ஒரு தாளில் வீடு, கடல், ஆறு, பாலம், அருகிலுள்ள மாடிக் கட்டடம். வீட்டிலிருந்து அதுவரை நடந்து எத்தனை நிமிடம் என்று பெற்றோரோடு நடந்து எழுதி வரட்டும். ராத்திரி ஒருமுறை டார்ச்சோடு நடந்தால் இன்னும் நல்லது, பகலில் தெரியாத வேலியும் பள்ளமும் தெரியும். தாளின் பின்பக்கம் வெளியூர்ச் சொந்தக்காரர் ஒருவரின் போன் நம்பர். உள்ளூர் டவர் நெரிசலில் அடுத்த தெருவுக்குப் போகாத அழைப்பு சில சமயம் திருச்சிக்குப் போகும். எல்லாரும் அந்த ஒருவரிடம் தகவல் சொன்னால் போதும்.

நாகை டீச்சர் | 5 டிசம்பர், மாலை 5.30

ஒத்திகை செய்தோம். பாலம் தாண்ட 34 நிமிடம். பிள்ளைகள் நன்றாக நடந்தார்கள். பின்வாசல் கேட் திறக்கத்தான் ஆறு நிமிடம் போனது. சாவி வாட்ச்மேனிடம், அவர் டீக்கடையில்.

ஓதம் | 5 டிசம்பர், மாலை 6.05

அந்த ஆறு நிமிடத்தைக் கண்டுபிடிக்கத்தான் ஒத்திகை. பள்ளி நேரத்தில் அந்த கேட்டில் பூட்டே வேண்டாம், உள்பக்கத் தாழ்ப்பாள் மட்டும் போதும். தாழ்ப்பாள் உயரம் எட்டாம் வகுப்புப் பிள்ளை கைக்கு எட்ட வேண்டும். உப்புக்காற்றில் துருப்பிடிக்கும், மாதம் ஒருமுறை எண்ணெய் விடுங்கள். அடுத்த ஒத்திகையை மதியச் சாப்பாட்டு நேரத்தில், முன்கூட்டிச் சொல்லாமல் வைத்துப் பாருங்கள்.